ஆரம்

மல்லாவியில் கோர்க் திருகி எவரிடமும் இல்லை.
கோணலிங்கத்தின் உழவியந்திரக் கராச்சிலிருந்து
மூன்றங்குலத் திருகாணி ஒன்றும்
எண்ணெய் மணக்கும் குறடும் வந்தன.
முழங்காலிடையில் போத்தலை இறுக்கி
என் தம்பி வின்சலஸ் இழுத்த இழுப்பில்
கன்று ஈனும் பசுவை நினைத்தேன்.
சொல்லவில்லை.

ஷிராஸ் என்றான்.
நெல்லிரசம் கரைத்துக் கொடுக்கும் பூப்போட்ட கிளாஸ் மூன்று எடுத்தேன்.
எனக்குச் சில்வர் பேணி போதும்.
பக்கத்தில் ஒன்பதாந் தரத்துக் கணிதக் கொப்பிகள்,
இருபத்தாறு,
திருத்தக் கிடந்தன.

முதல் மிடறு.
கள்ளென்றால் கடகடவென்று இறங்கும்.
சாராயம் முகம் சுளிக்க வைத்துவிட்டு ஓடிவிடும்.
இது
வாய்க்குள் கதிரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது.

போத்தலின் முதுகை வின்சலஸ் வாசித்தான்:
கரும்பெர்ரி, மிளகு, தோல், புகை.
"என்ன தோல்?" என்றாள் சுகிர்தமலர்.
மீன் சங்கத்தில் நிறுவைக்கு நிற்பவள்,
எதையும் முதலில் மோந்து பார்ப்பவள்.
"பதனிட்ட தோல், மச்சாள்."
"அப்ப செருப்புக்கடை."
மறுபடி மோந்தாள். "நல்ல செருப்புக்கடை."

கரும்பெர்ரியை நாங்கள் கண்டதில்லை.
நாவல் என்றார் கோணலிங்கம்,
முதலில் நாவல், போகப்போக வீரை.
உப்பில் பிரட்டிய நாவல் என்று சுகிர்தமலர் திருத்தினாள்.
மிளகு உடனே பிடிபட்டது:
பன்றிக்கறியை இறக்கும்போது கடைசியில் தூவுவது,
வெந்து அடங்காதது.
டனின் என்று ஒன்றை வின்சலஸ் விளக்கத் தொடங்கினான்,
நாக்கு வறளும், முரசு இறுகும்,
துவர்ப்பு என்றோம் மூவரும்.
பாக்குச் சப்பும் ஊருக்கு
அதில் பாடம் எடுக்கத் தேவையில்லை.

புகையில்தான் கொஞ்சம் நின்றோம்.
இங்கே புகைக்கு ஒரு பெயரில்லை.
வேறொன்றையும் எடுக்காமல்
வெட்டு முடிந்த வயலில் எரியும் வைக்கல் என்று
சுகிர்தமலர் தெரிந்தெடுத்தாள்.
அதையே வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் போத்தல் கலவை.
ஷிராஸ் எழுபது, கிரனாஷ் இருபது, மூர்வேத்ர் பத்து.
சதவீதம் என்றதும் நிமிர்ந்தேன்.
எழுபதின் முரட்டுத் தோள் தாழ்ந்திருந்தது.
இருபது, பாலைப்பழத்துப் பாலாய் உதட்டில் ஒட்டியது.
பத்து எங்கே? தேடினேன்.
விழுங்கிக் கனநேரம் கழித்து
ஈரமண் வாசத்தோடு தொண்டைக்குக் கீழே கைதூக்கியது,
பின்வாங்கில் பேசாமல் இருந்துவிட்டு
மணி அடித்தபிறகு சரியான விடை சொல்லும் பிள்ளைபோல.
கூட்டிப் பார்த்தேன். நூறுக்கு மேலே வந்தது.
கரும்பலகையில் இதை நிறுவ முடியாது.

"நீ சொல்லு, உனக்கு என்ன ருசி?"
பரோசாவில் ஒன்பது வருசம் பீப்பாய் கழுவுகிறவன்
கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.
"மணம் தெரியும் அக்கா.
சுடுதண்ணி அடிக்க எழும்புமே, அந்த மணம்.
சேட்டில, தலைமயிரில, மத்தியானப் பாணில.
இருந்து குடிச்சது
இண்டைக்குத்தான்."

விளிம்புவரை வார்க்கக் கூடாதாம்.
கோணலிங்கம் விளிம்புவரை வார்த்தார்.

பொரித்த ஜப்பான் மீன் இதற்குச் சேராது என்பதை
ஆறு துண்டு தின்று உறுதிசெய்தோம்.
பன்றிக்கறி சேர்ந்தது.
அதற்குப் பிறகு ருசிக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

மறுநாள் மூன்றாம் பாடவேளை
கஜீபன் தன் கொப்பியைத் தூக்கிக் காட்டினான்.
ஐந்தாம் பயிற்சியின் நடுவில்
பேணியின் அடி பதிந்த ஊதா வட்டம்.
"ரீச்சர், நாவலோ?"
மோந்தான்.
"தையில எங்க நாவல்?"

இருபத்தைந்து தலைகள் என்னிடம் திரும்பின.
அடிமட்டத்தை நீட்டினேன்.
"ஆரம் எவ்வளவெண்டு பார்."